டாங்கோ: பாட்டைக் கேட்டு ஆடப் பழகுவது எப்படி?

டாங்கோ வகுப்பில் சில மாதங்கள் கழித்தவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். நடை வந்துவிடும், எட்டு வடிவில் கால் திருப்பும் ஓச்சோ வந்துவிடும், திருப்பங்களும் ஓரளவு வந்துவிடும். ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே வரிசை, அதே வேகம், அதே ஆட்டம். பாட்டு முடிந்த பிறகும் இரண்டு அடி வைத்துவிட்டுத்தான் நிற்பார்கள் சிலர். தங்கள் ஆட்டம் பாட்டோடு ஒட்டவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அணைப்புக்குள் இருக்கும் ஜோடிக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இதற்கு மருந்தாகப் புது ஸ்டெப் கற்கக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். கொஞ்ச நாளைக்கு ஸ்டெப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன் நான். காலுக்கு வேலை குறைந்தால்தான் காது விழிக்கும். அர்ஜென்டினா டாங்கோவில் முன்கூட்டியே கோத்துவைத்த ஆட்டம் கிடையாது, ஒவ்வோர் அடியும் அந்தந்த நேரத்தில் முடிவாகிறது. அதனால் கேட்கத் தெரியாமல் எத்தனை ஸ்டெப் தெரிந்தும் புண்ணியமில்லை. சல்சா, ஸ்விங் ஆடுகிறவர்களும் கீழே இருப்பதில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் உட்கார்ந்து கேளுங்கள்

தவிலும் தபேலாவும் டிரம்ஸும் கேட்டு வளர்ந்த காது, தாளத்தை ஒரு தாளக்கருவியில்தான் தேடும். டாங்கோவில் அப்படித் தேடினால் கிடைக்காது. ‘ஒர்கெஸ்தா திப்பிக்கா’ எனப்படும் வழக்கமான டாங்கோ இசைக்குழுவில் இருப்பவை பந்தோனியன்கள், வயலின்கள், பியானோ, டபுள் பாஸ், அவ்வளவுதான். பந்தோனியன் என்பது நடுவில் துருத்தியும் இரு பக்கமும் பொத்தான்களும் வைத்த கருவி. ஜெர்மனியில் பிறந்து அர்ஜென்டினாவில் பெயர் வாங்கியது. தாளத்தைத் தாங்குவது டபுள் பாஸும் பியானோவில் இடது கை வாசிப்பதும். பல இடங்களில் பந்தோனியன்களும் சேர்ந்து கொத்தும்.

எந்தப் பதிவுகளைக் கேட்பது? ஆடும் இடங்களில் இன்றும் பெரும்பாலும் ஒலிப்பவை 1935 முதல் 1955 வரையிலான காலத்தில் புவனோஸ் ஐரிஸில் பதிவானவைதான். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தவை என்பதால் கரகரப்பு இருக்கும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் டபுள் பாஸ் காதிலேயே விழாது, தாளம் பிடிபடவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இதுதான்.

இசைக்குழுத் தலைவர் ஹுவான் டாரியென்சோவின் பாட்டு ஒன்றைப் போடுங்கள். ‘தாளத்தின் அரசர்’ என்று பட்டம் வாங்கியவர், தட்டுகள் வெட்டு வெட்டாக விழும். தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். தட்டுகள் நான்கு நான்காக வரும். ஒன்றும் மூன்றும் கனமானவை, இரண்டும் நான்கும் இலேசானவை. டாங்கோவில் சாதாரண நடை கனமான தட்டுகளில்தான்: ஒன்றில் ஓர் அடி, மூன்றில் ஓர் அடி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 70 அடி வரும். நான்கு தட்டிலும் கால் வைத்தீர்களானால் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

கை கனமான தட்டைப் போட, வாய் மெட்டை முணுமுணுக்க, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

அப்புறம் தனியாக நடங்கள்

காதுக்கு டாரியென்சோ நல்ல ஆசிரியர். காலுக்கு அவர் அவசரக்காரர், புதியவரைப் பதற வைத்துவிடுவார். நடைப் பயிற்சிக்கு இன்னோர் இசைக்குழுத் தலைவரான கார்லோஸ் டி சார்லிதான் என் தேர்வு. 1950களில் அவர் பதிவு செய்த, பாடகர் இல்லாத பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஊரான பாஹியா பிளாங்காவின் பெயரிலேயே அவர் இசையமைத்த பாட்டு ஒன்று இருக்கிறது. நடைக்கு அதைவிட வசதியானது கிடைப்பது கடினம்.

வீட்டுக் கூடமோ மொட்டை மாடியோ, நேராகப் பத்து அடி நடக்க இடமிருந்தால் போதும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தட்டில் கால் வைப்பது என்றால் பாதம் தரையைத் தொடுவது என்று நினைக்கிறோம். தட்டில் வர வேண்டியது உடம்பின் கனம். புதியவர்கள் தட்டு கேட்டதும் பாதத்தை வைக்கிறார்கள், கனம் அரைத் தட்டு கழித்து மெதுவாக வந்து சேர்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஜோடிக்கு மட்டும் எல்லாமே தாமதமாகத் தெரியும். அவர் உணர்வது உங்கள் நெஞ்சைத்தானே, பாதத்தையா?

சோதிக்க ஒரு வழி உண்டு. தட்டு விழும் அந்தக் கணத்திலேயே பின்காலைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். தள்ளாடாமல் தூக்க முடிந்தால் கனம் நேரத்துக்கு வந்துவிட்டது. முடியவில்லை என்றால் காலைச் சற்று முன்னதாகக் கிளப்புங்கள். இரண்டு தட்டுக்கு நடுவில் முழங்கால்கள் ஒன்றையொன்று கடந்துகொண்டிருக்க வேண்டும்.

இது கைவந்த பிறகு மூன்று வேகங்கள். சாதாரண நடை ஒன்று. இரண்டு கனமான தட்டுக்கு ஓர் அடி என்று பாதி வேகம் இன்னொன்று. ஒன்று, இரண்டு, மூன்று என இலேசான தட்டிலும் கால் வைக்கும் இரட்டை வேகம் மற்றொன்று. பாட்டு வகுப்பில் மூன்று காலம் பாடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரட்டை வேகத்தில் அடியின் நீளத்தைப் பாதியாகக் குறையுங்கள். மூன்றாவது அடியில் நின்று நிதானித்துவிட்டு மறுபடி சாதாரண நடைக்கு வாருங்கள். பாதி வேகம்தான் இருப்பதிலேயே கடினம். ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடும், சமநிலை எவ்வளவு என்பது அங்கே அம்பலமாகிவிடும்.

எட்டு அடிக்கு ஒரு மூச்சு

தாளம் பிடிபட்டதும் நிறையப் பேர் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரே சீராகத் தட்டுக்குத் தட்டு கால் வைத்துக்கொண்டே போவது தாளத்துக்கு ஆடுவது, பாட்டுக்கு ஆடுவது ஆகாது. பாட்டில் வாக்கியங்கள் இருக்கின்றன.

பெரும்பாலான டாங்கோக்களில் எட்டு நடையடிக்கு ஒரு வாக்கியம் முடியும். நான்கு வாக்கியங்கள் சேர்ந்தால் ஒரு பகுதி, சுமார் அரை நிமிடம். ஐந்து பகுதிகள் போனால் பாட்டே முடிந்துவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் போலத்தான் கொள்ளும் என்பதால், பாட்டுகளும் அந்த அளவுக்கே வெட்டப்பட்டிருக்கும். பல்லவி மாதிரி முதல் பகுதி திரும்ப வரும். முன்பின் கேட்காத பாட்டாக இருந்தாலும் முதல் தடவை காதில் வாங்கிக்கொண்டு இரண்டாம் தடவை அதைப் பிடித்து ஆட முடிவது இதனால்தான்.

வாக்கியம் முடிவதை எப்படிக் கண்டுபிடிப்பது? மெட்டு ஒரு நீண்ட ஸ்வரத்தில் போய் உட்காரும், பாடகர் மூச்சு வாங்குவார். அந்தச் சின்ன இடைவெளியை ஏதாவது ஒரு கருவி நிரப்பும். டி சார்லியிடம் அது அவரே வாசிக்கும் பியானோ. வயலின்கள் ஓய்ந்ததும் இரண்டு மூன்று ஸ்வரம் கணீரென்று தனியாகக் கேட்கும். அது காதில் விழுந்ததும் அடுத்த தட்டு புது வாக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி இதுதான்: ஏழு அடி நடங்கள், எட்டாவதில் கால்களைச் சேர்த்து நில்லுங்கள், அடுத்த ஒன்றில் மறுபடி கிளம்புங்கள். முதலில் எண்ணித்தான் ஆக வேண்டும். ஒரு பாட்டைப் பலமுறை கேட்ட பிறகு எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். எண்ணிக்கொண்டே ஆடுகிறவர் முகத்தில் கணக்குப் பரீட்சை தெரியும்.

புவனோஸ் ஐரிஸின் நடன அரங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு தொடங்கியதும் யாரும் ஆடக் கிளம்ப மாட்டார்கள். ஜோடியோடு ஏதாவது பேசிக்கொண்டு நிற்பார்கள், இருபது முப்பது விநாடி போன பிறகுதான் அணைத்துக்கொண்டு நகர்வார்கள். முதல் தடவை பார்ப்பவருக்குக் குழப்பமாக இருக்கும். புதியவர்கள் இந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரு பகுதி முழுவதையும் சும்மா கேட்டுவிட்டு, அடுத்த பகுதியின் முதல் தட்டில் தொடங்கலாம்.

நிற்கக் கற்றுக்கொள்வது

இசையோடு ஆடுவதில் பாதி, நிற்பது. புதியவருக்கு நிற்கப் பயம். நின்றால் ஸ்டெப் தெரியாமல் நிற்கிறார் என்று ஜோடி நினைத்துக்கொள்வாரோ என்கிற கூச்சம். நடப்பது நேர்மாறாக இருக்கும். வாக்கியம் முடிகிற இடத்தில் ஒருவர் அமைதியாக நின்றால், ‘இவர் கேட்கிறார்’ என்கிற நம்பிக்கை ஜோடிக்கு வந்துவிடும்.

எப்படி நிற்பது என்பதில் கவனம் வேண்டும். கடைசி அடியில் முழுக்கனத்தையும் ஒரு காலில் இறக்குங்கள். யார் எந்தக் காலில் நிற்கிறார் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது. மூச்சை வெளியே விடுங்கள், தோள் இறங்கட்டும். ஆட்டத்தை நடத்திச் செல்லும் லீடர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டைவிடுவார்கள்: கால் நின்றிருக்கும், நெஞ்சு அடுத்த அடிக்கு ஆயத்தமாகி இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருக்கும். பின்தொடர்ந்து ஆடும் ஃபாலோயருக்கு அது ‘கிளம்பு, வேண்டாம், கிளம்பு’ என்று மாறி மாறிக் கேட்கும். நிற்பதாக இருந்தால் நெஞ்சும் நிற்க வேண்டும்.

ஃபாலோயருக்கு இந்த இடைவெளி சொந்த நேரம். சும்மா இருக்கும் காலால் தரையில் மெதுவாக ஒரு கோடு வரையலாம், கணுக்காலால் தட்டை எண்ணலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். செய்வதானால் பாட்டில் கேட்பதையே செய்யுங்கள். வயலின் இழுத்துக்கொண்டிருக்கும்போது கால் படபடவென்று அடிப்பதில் அர்த்தமில்லை.

எவ்வளவு நேரம் நிற்கலாம்? தொடக்கத்தில் இரண்டு தட்டு, நான்கு தட்டு போதும். அரங்கில் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வரிசையாக நகர்ந்துகொண்டிருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். பின்னால் வருகிறவரை நிறுத்தி வைத்துவிட்டுப் பாட்டை ரசிப்பது மரியாதை இல்லை. முன்னால் இடமிருந்தும் நிற்பதை நான்கு தட்டோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர், ஒரே பாட்டு

இதுவரை சொன்னதெல்லாம் தனி ஆளின் வேலை. ஜோடி ஆட்டத்தில் நீங்கள் கேட்டது மற்றவரின் உடம்புக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எனவே லீடர் தட்டுக்கு முன்பே அழைப்பைக் கொடுத்தாக வேண்டும். தட்டு கேட்ட பிறகு அழைத்தால் ஃபாலோயர் கால் வைப்பது தட்டுக்குப் பிறகுதான். பழகிய பாட்டுகளுக்கு ஆடுவது சுலபமாக இருப்பதற்கு இதுவும் காரணம், அடுத்து வருவது முன்னரே தெரிகிறதே.

அழைத்த பிறகு காத்திருங்கள். ஃபாலோயரின் கால் வந்து சேரும் வேகம் அவருடையது. அவர் சற்று நிதானமாக வந்தால் பாட்டில் அவர் வேறொன்றைக் கேட்கிறார் என்று பொருள். பெரும்பாலும் அது நீங்கள் கேட்கத் தவறிய வயலினாக இருக்கும்.

வகுப்பு நண்பரோடு செய்துபார்க்க ஒரு பயிற்சி: அணைப்பு வேண்டாம், ஒருவர் மற்றவரின் மேல்கையைப் பிடித்துக்கொண்டால் போதும். நடை மட்டும். எப்போது நிற்பது, எப்போது கிளம்புவது என்பதை ஒரு பாட்டு முழுக்க ஃபாலோயர் முடிவு செய்யட்டும், லீடர் திசையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த பாட்டில் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பேசக் கூடாது. பாட்டு முடிந்ததும் யார் எதைக் கேட்டு நின்றார் என்று பேசிக்கொள்ளுங்கள். உங்கள் ஜோடி நின்ற இடங்களில் உங்கள் காதில் விழாதவை சில இருக்கும்.

இரட்டை வேக அடியை ஜோடியோடு செய்யும்போது ஒரே விதி: மற்றவர் கனம் முழுதாக ஒரு காலில் இல்லாதபோது தொடங்காதீர்கள்.

யார் வாசிக்கிறார்கள்?

டாங்கோ இரவுகளில் பாட்டுகளைத் தாண்டா தாண்டாவாகப் போடுவார்கள். ஒரு தாண்டாவில் வழக்கமாக ஒரே இசைக்குழுவின் மூன்று அல்லது நான்கு பாட்டுகள், ஒரு தாண்டாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஜோடி மாற ஓர் இடைவெளி இசை. ஆகவே முதல் பாட்டிலேயே இசைக்குழுவை அடையாளம் கண்டுகொண்டால் அடுத்த பத்து நிமிடத்துக்கு எப்படி ஆடுவது என்பது தெரிந்துவிடும். நான்கு பேரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

டாரியென்சோவைப் பற்றி மேலே சொன்னேன். 1935 இறுதியில் ரொதோல்ஃபோ பியாஜி அவரிடம் பியானோ வாசிக்கச் சேர்ந்தார், 1938 வரை இருந்தார். மெட்டு ஓயும் இடங்களில் பியாஜி குறும்பாக உள்ளே நுழைந்து நிரப்புவார். அந்த நிரப்பலில் இரட்டை அடி வைத்துப் பாருங்கள், ஜோடி சிரித்துவிடுவார். அடிகள் சின்னதாக, கூர்மையாக இருக்கட்டும்.

டி சார்லிக்கு அடி நீளம், வழுக்கிக்கொண்டு போகும் நடை. இரட்டை வேகத்தை இங்கே அள்ளி இறைக்க வேண்டாம்.

அனிபால் ட்ரோய்லோ தாமே பந்தோனியன் வாசித்தவர். 1940களின் தொடக்கத்தில் பாடகர் ஃபிரான்சிஸ்கோ ஃபியொரெந்தீனோவோடு செய்த பதிவுகளில் தாளமும் மெட்டும் மாறி மாறி முன்னுக்கு வரும். ஆடுவதற்கான பதிவுகளில் பாடகர் எடுத்தவுடன் பாட மாட்டார், பெரும்பாலும் ஒரு நிமிடம் போல இசைக்குழு மட்டும் வாசித்த பிறகுதான் நுழைவார். நுழைந்ததும் தட்டுக்குச் சற்று முன்னும் பின்னுமாக இழுத்துப் பாடுவார். புதியவர்கள் அவரைத் துரத்திக்கொண்டு போய்த் தாளத்தை விட்டுவிடுகிறார்கள். கால் டபுள் பாஸோடு இருக்கட்டும், மேலுடம்பு பாடகரோடு போகட்டும்.

ஒஸ்வால்தோ புக்லியேசேயை இப்போதைக்குக் கேட்க மட்டும் செய்யுங்கள். 1946இல் அவர் பதிவு செய்த ‘லா யும்பா’வைக் கேட்டால் காரணம் புரியும். ஒன்றும் மூன்றும் பூமி அதிர விழும், நடுவில் எல்லாம் நெகிழ்ந்து தொங்கும், வேகம் கூடும், குறையும். தேர் இழுக்கிறபோது வடம் இறுகுவதும் தளர்வதும் மாதிரி. கம்யூனிஸ்ட் என்பதற்காக அவர் சிறைக்குப் போன நாட்களில் அவருடைய பியானோமீது ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு இசைக்குழு வாசித்ததாம். அந்தக் குழுவின் கட்டுக்கோப்பு பாட்டிலும் கேட்கும். நிற்பதும் பாதி வேகமும் நன்றாக வந்த பிறகு அவருக்கு ஆடுங்கள்.

நவீன டாங்கோ இசையமைப்பாளர் பியசோலாவைக் கேட்டு டாங்கோமீது ஆசைப்பட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அவர் முக்கியமாகக் கேட்பதற்காக எழுதியவர். மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியும் அவருடைய தட்டுகளை மேடைக் கலைஞர்கள் ஆடுவார்கள். தொடக்கக்காரர் அதில் காலை விட வேண்டாம்.

வால்ஸ், மிலோங்கா, முடிவு

டாங்கோ வால்ஸ் மூன்று மூன்றாக, திஸ்ர நடையில் வரும். முதல் தட்டில் மட்டும் கால் வையுங்கள். நிற்பதைக் குறைத்துச் சுற்றி வருவதைக் கூட்டுங்கள், மற்றதெல்லாம் டாங்கோதான். மிலோங்கா துரிதமானது, துள்ளலானது. ஆடும் இரவுக்கும் மிலோங்கா என்றே பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். சின்ன அடி, தளர்ந்த முழங்கால், தட்டுக்கு ஓர் அடி. இப்போதைக்கு அவ்வளவு போதும்.

பாட்டின் கடைசிப் பகுதியில் பந்தோனியன்கள் மளமளவென்று பொடி ஸ்வரங்களாக ஓடினால், முடிவு நெருங்குகிறது என்று அறிந்துகொள்ளலாம். அந்த ஓட்டத்துக்கு ஈடாகக் கால் ஓட வேண்டியதில்லை. பிறகு ‘சான், சான்’ என்று இரண்டு தட்டில் பாட்டு முடியும். முதல் சானில் கடைசி அடி, இரண்டாவதில் அசையாமல் இருப்பது நன்றாக இருக்கும். டாரியென்சோவிடம் இரண்டும் பளிச்சென்று கேட்கும். இன்னோர் இசைக்குழுத் தலைவரான ரிக்கார்தோ தன்தூரி இரண்டாவதைக் காக்க வைத்துத் தருவார், புக்லியேசேயிடம் அது காதில் விழுந்தும் விழாததுமாக இருக்கும். ‘லா கும்பர்சிதா’ ஒலித்தால் முடிவது அந்த இரவே, வழக்கமாக அதுதான் கடைசிப் பாட்டு.

தாளம் தவறிப்போனால்

தவறும். கூட்டத்தில் யாரோ இடிப்பார்கள், கவனம் சிதறும், தெரியாத பாட்டு வரும். அப்போது வேகமாக நடந்து பாட்டை எட்டிப்பிடிக்கப் பார்க்காதீர்கள். மன்னிப்புக் கேட்டுப் பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே நின்று, ஜோடியோடு சேர்ந்து கனத்தை இடமும் வலமுமாக மெதுவாக மாற்றிக்கொண்டு டபுள் பாஸைத் தேடுங்கள். கிடைத்தாலும் உடனே கிளம்ப வேண்டாம். நடப்பு வாக்கியம் முடியட்டும், பியானோ நிரப்பட்டும், அடுத்த ஒன்றில் கால் எடுத்து வையுங்கள். இடித்தவர்களும் அதற்குள் நகர்ந்து போயிருப்பார்கள்.